கார் இல்லாதவர்களின் திரையரங்கு

இன்றைக்கு ஸ்கீவ நகரத்துக்குப் போகும் வழியில் பெற்றோல் அடிக்க நிறுத்தினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. குழாயைப் பிடித்தபடி நிற்கையில், கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் பொரித்த வெங்காய வாசனை வெளியே வந்தது. ஈர மண், பெற்றோல், வெங்காயம். மூன்றும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் நான் மறுபடியும் இருபத்து நான்கு வயதுக்காரியாகிவிட்டேன். தாங்கி நிரம்பிக் குழாய் தானாக நின்ற பிறகும் அசையவில்லை. பின்னால் காத்திருந்தவர் ஹோர்ன் அடித்த பிறகுதான் நீ இறந்து மூன்று மாதமாகிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் இதை எழுத உட்கார்ந்தேன். உன்னோடு கதைக்க எனக்கு இனி இந்த வழிதான் இருக்கிறது.

நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் அந்த அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தோம். முகாம் என்று பெயர். உண்மையில் அது கடல்கழி ஓரத்தில் யாரும் தங்க வராமல் கிடந்த பழைய விடுதி. மேல்மாடியில் இரண்டு கட்டில் போட்ட ஓர் அறையை எங்களுக்குத் தந்தார்கள். நான் மன்னார், நீ மட்டக்களப்பு. நான் செபமாலையைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். நீ பிள்ளையார் படத்தை யன்னலில் சாய்த்து வைத்தாய்.

"மறுகா, உனக்குக் குறட்டை வருமோ புள்ள?"

நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். பிறகு என்பதற்கு நீ சொன்ன "மறுகா"வுக்கு நான் சிரித்தேன். என்னுடைய "உதென்ன"வுக்கு நீ சிரித்தாய். அன்றைக்கே எனக்கும் "நீங்கள்" போய் "நீ" வந்துவிட்டது. ஊரில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்தவள் நீ. கீழே சமையலறையில் மெதுவாகக் கதைத்தாலும் மேல்மாடி வரைக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். முகாமில் இருந்த அண்ணைமார் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு குரல் என்னத்துக்கு?" என்று ஒருவர் கேட்டார். "உங்களுக்குக் காது கேக்காட்டி எண்டுதான் அண்ணை," என்று நீ சொன்னாய். அவர் பிறகு உன்னிடம் வாய் கொடுக்கவேயில்லை.

நகரத்துக்கு நடந்து போகும் வழியில், பீட் கிழங்கு வயல்களுக்கு நடுவே, அந்த வெள்ளைப் பலகை நின்றது. மூன்று மாடி உயரம் இருக்கும். அதில் ஓர் எழுத்தும் இல்லை.

"விளம்பரப் பலகை போல," என்றேன்.

"எழுதிறதுக்கு ஒண்டுமே இல்லாத ஊரோ இது?" என்றாய்.

டேனிஷ் வகுப்பு எடுக்க வந்த ஆசிரியைதான் விளக்கினார். அது சினிமாத் திரை. சனிக்கிழமைகளில் கார்களை அதற்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, உள்ளே இருந்தபடியே படம் பார்ப்பார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு சின்ன ஒலிபெருக்கி தொங்கும், அதை எடுத்துக் கார்க் கண்ணாடியில் கொழுவிக்கொள்ள வேண்டும். நீ வாயைப் பிளந்துகொண்டு கேட்டாய். கப்பலேறி, விமானமேறி, மூன்று நாட்டில் பொலிசுக்குப் பதில் சொல்லி வந்தவள், இதைக் கேட்டுத்தான் அதிசயப்பட்டாய்.

அந்தச் சனிக்கிழமையே இருவரும் கிளம்பிப் போனோம். செப்டெம்பர் மாதம், பொழுது சாய்கிற நேரம். வாசலில் சீட்டுக் கொடுக்கிற மரக்கூண்டு ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் பொல்ஸ என்று அவர்கள் சொல்கிற கொத்திறைச்சிக் குழல் விற்கும் கடை. பொரித்த வெங்காய வாசனை அங்கேயிருந்துதான் வந்தது. கூண்டுக்குள் இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், ஆண்கள் போடுகிற தடித்த கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். எங்களுக்குப் பின்னால் கார் எங்கே என்று எட்டிப் பார்த்தாள்.

"நடந்து வருகிறவர்களை விடுவதில்லை," என்றாள். "இருட்டில் கார்கள் நகரும். சீட்டு காருக்குத்தான், ஆளுக்கு இல்லை."

நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ அசையவில்லை. வகுப்பில் படித்த டேனிஷ் எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு கேட்டாய்.

"கார் ஒன்று இருந்தால் போதுமா?"

"போதும்."

"எத்தனை பேர் வரலாம்?"

"காரோடு எத்தனை பேர் வந்தாலும் ஒரு சீட்டுத்தான்."

"நல்லது," என்றாய். திரும்பி வரும் வழியெல்லாம் தெருவோரக் கொட்டில்களை எட்டி எட்டிப் பார்த்தபடி நடந்தாய்.

முகாமுக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் யென்ஸ் உனக்கு எப்படிப் பழக்கமானார் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அவருடைய கொட்டிலில் பச்சைக் கார் ஒன்று கிடந்தது. எஞ்சினை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பின் இருக்கையில் கோழிகள் முட்டையிட்டன. நீ போய்க் கேட்டதும், கொண்டு போனால் எனக்கு இடம் மிச்சம் என்று சொல்லி, சில்லுகளுக்குக் காற்றும் அடித்துத் தந்தார். அடுத்த சனிக்கிழமை நீ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தாய், முகாமில் பாதிப்பேர் பின்னால் நின்று தள்ளினோம். உன் குரலைக் குறை சொன்ன அதே அண்ணைதான் வலப்பக்கம் நின்று "ஏலேலோ" பாடினார். தெருவில் போன கார்கள் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்தன. கோழி இறகுகள் யன்னல் வழியாகப் பறந்துகொண்டேயிருந்தன.

கூண்டிலிருந்த பெண் வெளியே வந்தாள். காரைச் சுற்றி நடந்தாள். முன்மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"எஞ்சின் எங்கே?"

"நீங்கள் கார் கேட்டீர்கள். எஞ்சின் கேட்கவில்லை," என்றாய், அந்தக் கோணல் டேனிஷில்.

அவள் முகம் முதலில் இறுகியது. எங்களைத் துரத்தப்போகிறாள் என்றே நினைத்தேன். பிறகு அவளுடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கூண்டின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சீட்டைக் கிழித்து உன்னிடம் தந்தாள். "கடைசி வரிசை. அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். ஒவ்வொரு கிழமையும் தள்ளி வந்தால் யாராவது செத்துப் போவீர்கள்."

அவள்தான் கேர்டா. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பச்சைக் கார் எங்களுடையதாக இருந்தது. கூரையில் இரண்டு பேர், உள்ளே அடைந்து ஏழெட்டுப் பேர், மிச்சப் பேர் போர்வையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில். படம் ஆங்கிலத்தில் கதைக்கும், அடியில் டேனிஷ் எழுத்து ஓடும். நீ அந்த எழுத்துகளைச் சத்தமாக வாசிப்பாய். என்னுடைய டேனிஷில் பாதி அங்கே படித்ததுதான். அதனால்தான் இன்றைக்கும் கோபம் வந்தால் கௌபோய் மாதிரிக் கதைக்கிறேன் என்று என் மகள் சொல்கிறாள்.

நாங்கள் போனபோதே அந்த இடம் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. குளிர் நாட்களில் கூண்டுக்குள் இருத்திக் கோப்பி ஊற்றித் தருகையில் கேர்டா அந்தக் கதையைச் சொன்னாள். கணவர் அமெரிக்காவில் இப்படியொன்றைப் பார்த்துவிட்டு வந்து, இங்கேயும் செய்யலாம் என்று நின்றாராம். திரையை இருவரும் தங்கள் கையாலேயே எழுப்பினார்கள். திறந்து கொஞ்சக் காலத்திலேயே உலகமெல்லாம் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. அதைத் தாண்டினார்கள். கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாது, திரையில் ஒன்றும் தெரியாது. மாரியில் கண்ணாடியெல்லாம் பனி படியும். மிஞ்சியது இலையுதிர் காலமும் வசந்தத்தின் தொடக்கமும் மட்டும்தான். அந்தச் சில மாதங்களில் மழை இல்லாத சனிக்கிழமை வந்தால் அதிர்ஷ்டம். பிறகு வீடியோ வந்தது. அதற்குப் பிறகு கணவரும் போய்ச் சேர்ந்தார்.

"இந்த நாட்டில் இதைக் கட்டினது முட்டாள்தனம்தான்," என்றாள் கேர்டா. "அதற்காக நான் வெட்கப்படப் போவதில்லை."

நீ அவளுடைய கோப்பையோடு உன் கோப்பையை முட்டினாய். அன்றைக்கு உங்கள் இருவரையும் பார்த்தபோது ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் போலிருந்தீர்கள்.

அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்தச் செய்தி வந்தது. நிலம் நகரசபைக்குச் சொந்தம். கொமூன என்று சொல்ல நாங்களும் அப்போது பழகியிருந்தோம். குத்தகை முடிகிறது, புதுப்பிக்க மாட்டோம், அங்கே ஊர்க்காரர்கள் யாரும் இப்போது போவதில்லை என்றார்கள். கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "அங்கே போவது முகாம்காரர்கள் மட்டும்தான், அவர்களுக்குக் காரே கிடையாது," என்று சொன்னாராம். எல்லோரும் சிரித்தார்களாம். கேர்டா இதைச் சொல்லும்போது அழவில்லை. ஆனால் பொல்ஸக் கடையின் அடுப்பை அணைத்துவிட்டு, "எனக்குக் களைத்துவிட்டது," என்றாள்.

நீ அடுப்பைத் திரும்பப் பற்ற வைத்தாய்.

"ஆக்கள் வாறேல்லை எண்டுதானே சொல்லுகினம்? ஆக்களைக் கொண்டு வருவம்."

"எங்கயிருந்தடி?" என்று கேட்டேன்.

"எங்கட ஆக்கள் இந்த நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கினம். ஆளாளுக்கு ஒரு அறையில சுவரைப் பாத்துக்கொண்டு. தமிழ்ப் படம் எண்டால் வரமாட்டினமோ?"

லண்டனில் உன் சித்தப்பா மகன் ஒருவன் இருந்தான். ஞாயிறுகளில் மண்டபம் எடுத்துத் தமிழ்ப் படம் ஓட்டுகிறவர்களை அவனுக்குத் தெரியும். முகாமின் சில்லறைத் தொலைபேசியில் நின்று நீ அவனோடு சண்டை பிடித்ததை வரிசையில் நின்ற எல்லோரும் கேட்டோம். பழைய குடும்பப் படம் ஒன்றின் சுருள்கள் தகரப் பெட்டிகளில் வந்து சேர்ந்தன. ரண்டர்ஸ், ஹேர்னிங், ஒல்போ என்று எங்கெல்லாம் நம்மவர் இருந்தார்களோ அங்கெல்லாம் சொல்லி அனுப்பினோம். டேனிஷிலும் எழுதி ஊர்க் கடைகளில் ஒட்டினோம். "நடந்து வருகிறவர்களுக்கும் இடம் உண்டு" என்ற வரியைக் கேர்டா தன் கையாலேயே எழுதினாள்.

ஒக்டோபர் சனிக்கிழமை. ஆறு மணிக்கே நல்ல இருட்டு. பேருந்து நிறுத்தத்திலிருந்து வயல் வழியாக நம்மவர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். சேலைக்கு மேல் கனத்த கோட்டுப் போட்ட பெண்கள், கைக்குழந்தைகள், ஊரை விட்ட பிறகு முதல் தடவையாக ஒருவரையொருவர் கண்டு கத்தியவர்கள். டேனிஷ்காரர்களும் கார்களில் வந்தார்கள். சிலர் கேர்டாவுக்காக, சிலர் வேடிக்கை பார்க்க. யென்ஸ் உழவு இயந்திரத்திலேயே வந்தார். கொஞ்சக் காலமாகப் பத்துக் கார்களைக்கூடப் பார்க்காத அந்த வயல் அன்றைக்கு நிறைந்து வழிந்தது.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பக்கவாட்டில் நின்ற சில கார்கள் முன்விளக்கை முழு வெளிச்சத்தில் போட்டுத் திரையை நோக்கித் திருப்பின. கதாநாயகியின் முகம் வெளுத்து மறைந்தது. ஹோர்ன் அடித்தார்கள். "வீட்டுக்குப் போங்கள்," என்று யாரோ கத்தினார்கள். நம்மவர்கள் மெல்ல எழும்பத் தொடங்கினார்கள். ஓடிப் பழகிய சனம் நாங்கள். சத்தம் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிவிடுவோம்.

நீ அந்தக் கார்களை நோக்கி நடந்தாய். முதல் காருக்கு முன்னால் போய் நின்று, உன் கோட்டின் இரண்டு பக்கங்களையும் விரித்து விளக்குகளை மறைத்தாய். கார் உறுமியது. நீ நகரவில்லை.

"இருங்கோ! ஒருத்தரும் எழும்பாதேங்கோ!" என்று அங்கிருந்தபடியே எங்களைப் பார்த்துக் கத்தினாய். "படம் முடியேல்லை!"

நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. இரண்டாவது காருக்கு முன்னால் நின்றேன். வெளிச்சம் முதுகைச் சுட்டது போலிருந்தது. பக்கத்தில் அந்த அண்ணை வந்து போர்வையை விரித்தார். அவருக்குப் பக்கத்தில் ரண்டர்ஸிலிருந்து வந்த, யாரென்றே தெரியாத ஒரு பெண். கடைசியில் யென்ஸ் தன் உழவு இயந்திரத்தைக் கொண்டு வந்து அந்தக் கார்களுக்கும் திரைக்கும் இடையில் குறுக்கே நிறுத்திவிட்டு, இறங்கிப் பொல்ஸ வாங்கப் போனார். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கதாநாயகி திரும்பி வந்தாள்.

ஆனால் டேனிஷ்காரர்களுக்குக் கதை விளங்கவில்லை. இந்தப் படத்தின் அடியில் எழுத்து இல்லை. ஒன்றிரண்டு கார்கள் கிளம்பத் தயாராவதைக் கண்டதும் நீ படம் ஓட்டும் அறைக்குள் போனாய். அறிவிப்புச் செய்ய அங்கே ஒரு மைக் இருந்தது. திடீரென்று வயலில் இருந்த எல்லா ஒலிபெருக்கிகளிலும் உன் குரல்.

"இவர் அப்பா. இவர் நல்லவர், ஆனால் முட்டாள். இவள் மகள். இவளுக்குக் கல்யாணம் வேண்டாம்."

கார்களுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. நீ விடவில்லை. பாட்டு வந்தபோது, "இப்போது பாடுகிறார்கள், இதில் ஒன்றும் நடக்காது, நீங்கள் போய்ப் பொல்ஸ வாங்கலாம்," என்றாய். கதாநாயகி வீட்டை விட்டு வெளியேறும் காட்சியில் மட்டும் நீ பேசாமல் இருந்தாய். பிறகு, "இதை நான் மொழிபெயர்க்கத் தேவையில்லை," என்றாய். எனக்கு அடுத்த காரில் இருந்த வயதான டேனிஷ் பெண் மூக்கைச் சிந்தியது கேட்டது. படம் முடிந்தபோது எல்லாக் கார்களும் ஹோர்ன் அடித்தன. இந்த முறை அது கைதட்டல்.

உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. நாங்கள் வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். இரண்டு கிழமைக்குள் கொமூனவின் முடிவு வந்தது. மூடுகிறார்கள். காரணமாக அதே வாசகம்: பயன்படுத்த ஆட்கள் இல்லாததால்.

கேர்டா அதை மடித்து வைத்துவிட்டாள். நீ விடவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் வகுப்பு முடிந்து கொமூன அலுவலகத்துக்குப் போனாய். கூட என்னையும் இழுத்துக்கொண்டு. கழுத்துப்பட்டி கட்டிய அந்த உயரமான அதிகாரி முதல் நாள் கதிரை தந்தார். பிறகு தரவில்லை.

"மூடுகிறதை நிறுத்த முடியாது," என்றார்.

"மூடுங்கள். ஆனால் ஆட்கள் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பொய். மாற்றி எழுதுங்கள்."

"அதனால் உங்களுக்கு என்ன லாபம்?"

"நாங்கள் வந்தோம். நாங்கள் ஆட்கள்."

அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். குளிர்காலம் முடிவதற்குள் திருத்திய முடிவு வந்தது. பலர் வருகை தந்தபோதிலும், நிலம் வேறு தேவைக்கு எடுக்கப்படுகிறது என்று இருந்தது. வசந்தத்தில் திரையை இழுத்து விழுத்தியபோது நாங்கள் மூவரும் வேலியோரம் நின்று பார்த்தோம். நான் அழுதேன். கேர்டா உன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடினது பிழை," என்றாய் நீ. "பொய் சொல்லி மூடினது அதைவிடப் பிழை. ஒண்டையாவது திருத்தினம்."

பிறகு வாழ்க்கை எங்களைப் பிரித்துப் போட்டது. உனக்கு டோஸ்ட்ருப்பில் வீடு கிடைத்தது, எனக்கு ரண்டர்ஸில். நீ முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாய், நான் தொழிற்சாலையில். கல்யாணங்கள், பிள்ளைகள், இரவு வேலைகள். தொலைபேசியில் மட்டும் உன் குரல் குறையவில்லை.

உன் செத்தவீட்டில் என்ன நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். தகனத்துக்கு முன்னால் உன் மகன் டேனிஷில் பேசினான். நல்ல பிள்ளை, அழகாகப் பேசினான். "அம்மா அமைதியானவர். ஒருவருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வாழ்ந்தவர்," என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். நிகழ்ச்சி நிரலில் அடுத்தது பாட்டு. நான் எழும்பிவிட்டேன். மண்டபத்தைப் பொறுப்பெடுத்தவர் நேரமாகிறது என்று சைகை காட்டினார். நான் அவரைத் தாண்டிப் போய் மைக்கைப் பிடித்து, எஞ்சின் இல்லாத காரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். டேனிஷில்தான் சொன்னேன், உன் பேரப்பிள்ளைகளுக்கும் விளங்க வேண்டும் என்று. உழவு இயந்திரம் வந்த இடத்தில் உன் மகள் அழுதுகொண்டே சத்தமாகச் சிரித்தாள். சவப்பெட்டிக்கு முன்னால் மண்டபமே சிரித்தது.

வெளியே வந்து உன் மகன் என் கையைப் பிடித்தான். "ஏன் அம்மா எங்களுக்கு இதைச் சொல்லவேயில்லை?" என்று டேனிஷில் கேட்டான்.

"சொல்லுறதுக்கு அவவுக்கு எங்கயப்பு நேரம்?" என்றேன். "அதுக்குப் பிறகும் அவ எத்தினை பேரோட சண்டை பிடிக்க வேண்டியிருந்தது."

அவன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

வருகிற கிழமை எங்கள் ஊர்ப் பேருந்தை நிறுத்துவது பற்றிக் கூட்டம் வைக்கிறார்கள். அதில் போகிறவர்கள் மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிற பெண்களும், கார் ஓட்ட முடியாத வயதானவர்களும்தான். பேசுவதற்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். நேற்று என் மகள், "நீங்கள் சொல்ல நினைக்கிறதை எனக்கு அனுப்புங்கோ அம்மா, பிழைகளைத் திருத்தித் தாறன்," என்றாள், பாதி டேனிஷில். அன்பாகத்தான் சொன்னாள். வேண்டாம் என்றேன். என் டேனிஷ் இன்னமும் கோணல்தான். அவர்கள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்கட்டும்.